எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்

பிள்ளைகளே,

முதலாண்டில் உங்களுக்குக் கட்டுரைக்கும் மேடைப்பேச்சுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். நான் 1973-இல் மதுரையில் ஒரு கல்லூரியில் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்தவன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பிறகு 32 ஆண்டுகள் அதே பாடத்தை நடத்தினேன். அந்த வகுப்பு எனக்குக் கொடுத்ததை எட்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. உங்கள் ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுங்கள்.
முதல் வாரம் தமிழய்யா 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை கேட்டார். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், இயற்கை எழில் கொஞ்சுகிறது, தென்றல் தவழ்கிறது என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஐயா கடைசி வரி வரை படித்தார். "உங்க ஊருக்கு பஸ் எத்தனை மணிக்குப்பா வரும்?" என்றார். காலையில் ஆறரைக்கு ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் கிடையாது, மெயின் ரோட்டில் இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும் என்றேன். "அதை எழுது" என்றார். அன்றிரவு எழுத உட்கார்ந்தேன். நான் சனிக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா அரிக்கேன் விளக்கோடு கண்மாய்க் கரை வரை வந்து நிற்பதும் அந்தக் கட்டுரைக்குள் தானாக வந்து சேர்ந்தது. தென்றல் எல்லா ஊரிலும் தவழும். அந்த விளக்கு எங்கள் கண்மாய்க் கரையில் மட்டும்தான் எரிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு விளக்கு இருக்கும், அதைத் தேடுங்கள்.

2. எழுதும்போது எதிரே ஒரு ஆளை உட்கார வையுங்கள்.
அடுத்த வாரம் ஐயா அதே பஸ் செய்தியை மூன்று பேருக்கு எழுதச் சொன்னார்: கலெக்டருக்கு ஒரு மனு, வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு ஒரு கடிதம், ஊர்க்கூட்டத்தில் பேச ஒரு பக்கம். கலெக்டருக்கு வீட்டுக் கணக்கும், பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும், தூரமும் வேண்டும். அண்ணனுக்கு அம்மாவின் முழங்கால் வலி தெரிய வேண்டும். ஊராருக்கு, நாம் சேர்ந்து என்ன செய்யலாம் என்பது வேண்டும். செய்தி ஒன்றுதான், ஆனால் கேட்பவர் மாறினால் எதை முன்னே வைப்பது என்பது மாறிவிடுகிறது. திருக்குறளில் 'அவையறிதல்' 72-ஆம் அதிகாரம். 'அவையஞ்சாமை' 73-ஆம் அதிகாரம். அந்த வரிசையே எனக்குப் பாடமாக இருந்தது. எதிரில் இருப்பவரை அறிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

3. சொல்ல வந்ததை ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள்.
சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று பொருள். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் வாதம் செய்யும் முறையைக் கற்பிக்கிறார். நிறுவ வேண்டிய கூற்று பக்கம், அதற்குக் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. அடுக்களையில் பார்க்கிறோமே, அப்படி. எங்கள் மனுவை ஐயா இப்படித்தான் அடுக்க வைத்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பஸ் வேண்டும். ஏனென்றால் பொழுது சாய்ந்தபின் பெண்பிள்ளைகளும் நோயாளிகளும் இருட்டில் நடக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து ஊருக்கு மாலை பஸ் விட்டபின் அங்கே எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பெண்பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் இந்த மூன்றில் எது இல்லை என்று ஒவ்வொரு முறையும் தேடுங்கள். பெரும்பாலும் திட்டாந்தம்தான் விடுபட்டிருக்கும்.

4. எதிர்த்தரப்பை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கள்.
ஒருநாள் ஐயா என்னை எழுப்பி, "இன்னைக்கு நீதான் பஸ் அதிகாரி. அந்த ஊருக்கு ஏன் பஸ் விட முடியாதுன்னு பேசு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பேசினேன். வண்டி பற்றாக்குறை, மழைக்காலத்தில் ரோடு தாங்காது, மாலை நேரத்தில் வசூல் தேறாது. பேசி முடித்தபோது என் மனுவில் எந்த இடம் பலவீனம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. இது நம்முடைய பழைய முறை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை முதலில் வைத்தார். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதற்குப் பிறகுதான். எதிராளியை வைக்கோல் பொம்மையாகச் செய்து அடிப்பவர் பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டவர் மனம் மாறியிருக்காது.

5. எழுதி முடித்தபின் நன்னூலை எடுத்து வைத்துத் திருத்துங்கள்.
பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று பட்டியல் தந்திருக்கிறார். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். அது தச்சர் கையில் இருக்கும் ரசமட்டம் மாதிரி, வேலை செய்யும்போது பக்கத்தில் இருக்க வேண்டிய கருவி. மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் கண்டது மூன்று குற்றங்கள். மிகைபடக் கூறல்: 'மிக', 'பெரும்', 'அனைவரும்' என்று வரும் இடங்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மற்றொன்று விரித்தல்: பஸ்ஸைப் பற்றித் தொடங்கிச் சக்கரம் கண்டுபிடித்த வரலாற்றுக்குப் போவது. சென்று தேய்ந்து இறுதல்: தொடக்கத்தில் இருந்த வேகம் முடிவில் ஓய்ந்துபோவது. கடைசிப் பத்தியை வேறொரு நாள் காலையில், மனம் தெளிவாக இருக்கும்போது எழுதினால் இந்தக் குற்றம் குறையும்.

6. வாய்விட்டுப் படியுங்கள்.
மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். ஒற்றுப்பிழையும் காதுக்குத்தான் முதலில் தெரியும். 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்கிறோம். ஒரு 'க்' மனுவின் பொருளையே மாற்றிவிடும். சந்தி என்பது மதிப்பெண் குறைப்பதற்காக வைத்த கண்ணி என்று நினைக்காதீர்கள். படிப்பவர் தடுமாறாமல் நடக்க நாம் போட்டுக்கொடுக்கும் பாதை அது.

7. மேடைக்குப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள்.
முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் நெஞ்சில் இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு ஒரு சீட்டில் ஐந்து சொற்கள் போதும். என் முதல் பேச்சுப் போட்டியில் முழுவதையும் உருப்போட்டுக்கொண்டு ஏறினேன். ஒரு சொல் நழுவியது, பின்னால் இருந்த அத்தனையும் நழுவியது. கீழே இறங்கி அழுதேன். ஐயா என் தோளில் கை வைத்து, "நீ காகிதத்தைப் பார்த்துப் பேசினே, ஆளைப் பார்த்துப் பேசலை" என்றார். ஆளைப் பார்த்துப் பேசியவர் திரு.வி.க. அவர் 1917-இல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியராகி நாள்தோறும் தலையங்கம் எழுதினார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதில் முன்நின்று ஆலைத் தொழிலாளர் நடுவே பேசினார். படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து, நாளெல்லாம் தறியில் நின்று களைத்தவருக்குப் பேச்சு. கடைசி வரிசையில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். அவருக்குக் கேட்கிறதா, விளங்குகிறதா என்பதை அந்த முகமே சொல்லும்.

8. இரவல் வாங்கினால் வாங்கினேன் என்று சொல்லுங்கள்.
பேச்சு ஒருவரை இணங்க வைப்பதற்கு அரிஸ்டாட்டில் மூன்று வழி சொன்னார்: பேசுபவர் மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் நியாயம். முதலாவது உடைந்தால் மற்ற இரண்டும் நிற்காது. இரவலை மறைத்தால் உடைவது அந்த நம்பிக்கைதான். எங்கள் காலத்தில் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். இன்று செல்போனில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் ஒரு கட்டுரை தந்துவிடுகிறது. சந்தேகம் கேளுங்கள், தகவல் தேடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் அம்மா விளக்கோடு எங்கே நின்றாள் என்று அதற்குத் தெரியாது. அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். வகுப்பில் நான்கு முறை திருத்திய அந்த மனுவை ஊருக்குக் கொண்டுபோனேன். மந்தையில் கூட்டம் போட்டுப் படிக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்கள் பலமுறை நடையாய் நடந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் மாலை பஸ் வந்தது. நான் நினைத்துப் பார்ப்பது அந்தக் கூட்டத்தைத்தான். படித்து முடித்ததும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு, காகிதத்தில் வைப்பதற்கு முன் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் மனசுல நெனச்சதைத்தான்யா நீ எழுதியிருக்கே."

பிறகு நான் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் அந்தக் கைநாட்டுக்கு ஈடாகவில்லை. போய் வகுப்பில் உட்காருங்கள், பிள்ளைகளே. பேனாவைத் திறக்கும்போது எதிரே இருப்பவர் யார் என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.