ஃபைல் பண்ணிடுப்பா!

உளவுப் படம் பார்த்துவிட்டு ஆபீஸைப் பற்றி யோசிப்பது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். 2001இல் வந்த ‘ஷார்லட் கிரே’ படத்தில், ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பிரான்சுக்குள் உளவு வேலைக்கு இறங்குவார் கேட் பிளாஞ்செட். மனசு முழுக்கக் காணாமல்போன விமானிக் காதலன். ஆனால் அந்த வேலையை நிஜமாகச் செய்த பெண்களைப் பற்றிப் படித்தபோது, எனக்கு உறைத்தது காதல் அல்ல, அலுவலக நிர்வாகம்.

லண்டன் பேக்கர் தெருவில் இயங்கிய எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு, 1943 ஜூனில் நூர் இனாயத் கானை வயர்லெஸ் ஆபரேட்டராக பிரான்சுக்கு அனுப்பியது. திப்பு சுல்தான் வம்சம். குழந்தைகளுக்குப் புத்தர் ஜாதகக் கதைகள் எழுதியவர். பாரீஸ் போன சில நாட்களிலேயே உடன் வேலை செய்தவர்கள் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வரச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். செட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி மாறி, அக்டோபர் வரை சமாளித்தார்.

பிடிபட்டபோது கூடவே ஒரு நோட்டும் சிக்கியது. அனுப்பிய செய்தி, வந்த செய்தி எல்லாம் அதில். உளவாளி இப்படிச் செய்வாரா? வரலாற்றாசிரியர்கள் சொல்லும் விளக்கம் இது: கிளம்பும்போது தந்த உத்தரவில், செய்திகளை ‘ஃபைல்’ பண்ணுவதில் மிகக் கவனம் தேவை என்று இருந்தது. எழுதியவர் நினைத்தது, நிருபர்கள் சொல்கிற மாதிரி ‘அனுப்புவது’. நூர் புரிந்துகொண்டது ‘சேர்த்து வைப்பது’. விசாரணையில் அவர் ரகசியம் எதையும் சொல்லவில்லை. ஆனால் நோட்டை வைத்து ஜெர்மானியர்கள் அவர் பெயரிலேயே லண்டனோடு பேசினார்கள். அதை நம்பி வந்திறங்கிய ஆட்கள் நேராக அவர்கள் கையில் விழுந்தார்கள். நூரை 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள்.

இதைப் படித்தபோது என் முதல் வேலை ஞாபகம் வந்தது. ஒரு ஆடிட்டர் ஆபீஸ். “அந்த ரிட்டர்னை ஃபைல் பண்ணிடுப்பா” என்றார் சீனியர். பஞ்ச் போட்டு, டேக் கோத்து, பீரோவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கடைசித் தேதி தாண்டிப் பத்து நாள் கழித்து விஷயம் வெளியே வந்தது. அபராதம் கிளையண்டுக்கு, அர்ச்சனை எனக்கு. சீனியரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எனவே வேலை சொல்கிறவர்களே, முடிந்ததும் கையில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்லுங்கள்: “நாலு மணிக்குள் கொடுத்துவிட்டு, சீல் போட்ட காப்பியை என்னிடம் தா.” “பார்த்துக்கோங்க” என்பது உத்தரவே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் “சரி சார்” என்று தலையாட்டுவதற்கு முன், செய்யப்போவதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அசடு மாதிரித் தெரியும். தெரியட்டும்.

இன்னொன்று, மேனேஜர்களுக்கு. எஸ்.ஓ.இ.யின் இன்னொரு ஆபரேட்டர் கில்பர்ட் நார்மன், நூர் வந்த அதே 1943 ஜூனில்தான் பிடிபட்டார். ஆபரேட்டர்கள் ஒவ்வொரு செய்தியிலும் ரகசிய அடையாளம் ஒன்று வைப்பார்கள். அது இல்லையென்றால் ஆபத்து என்று அர்த்தம். ஜெர்மானியர்கள் நார்மன் பெயரில் லண்டனுக்கு அனுப்பிய செய்தியில் அது இல்லை. லண்டன் என்ன பதில் அனுப்பியது தெரியுமா? அடையாளத்தை மறந்துவிட்டாய், இனிமேல் கவனமாக இரு என்று! அப்படி ஒன்று இருக்கிற விஷயத்தை எதிரிக்கு லண்டனே சொல்லிக்கொடுத்தது.

உங்கள் டீமில் எப்போதும் ஒழுங்காக ரிப்போர்ட் அனுப்புகிறவர் ஒருநாள் பாதியை விட்டு அனுப்பினால், வாட்ஸ்அப் குரூப்பில் “கவனம் தேவை” என்று போடாதீர்கள். தனியாக போன் பண்ணுங்கள். ரிப்போர்ட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். சாப்பிட்டாச்சா என்று ஆரம்பியுங்கள்.