தாத்தா வயலும் நம் வீட்டுக் குழாயும்

"அப்பா, பெங்களூரில் நாம் குடிப்பது தாத்தா வயலுக்குப் போகவேண்டிய தண்ணீரா?" என்று என் மகள் கேட்டாள். கும்பகோணத்துக்கு அருகே என் தந்தை இன்றும் நெல் பயிரிடுகிறார். ஜூன் பிறந்தால் மேட்டூர் அணையைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் பேச்சு. உடனே பதில் வரவில்லை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காவிரியில் ஓராண்டுக்கு 740 டி.எம்.சி. நீர் என்பது நடுவர் மன்றத்தின் கணக்கு. 2018இல் உச்ச நீதிமன்றம் திருத்தியபடி தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. ஆற்றின் நலத்துக்கும் கடலுக்கும் 14. கூட்டிப் பாருங்கள், மிச்சம் ஒரு சொட்டும் இல்லை!

மழை பொய்த்தால்? எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் குறையவேண்டும் என்பதே நடுவர் மன்றம் காட்டிய வழி. முக்கால் பங்கு நீரே வந்தால் 404.25 என்பது ஏறக்குறைய 303 ஆகும், 284.75 என்பது 214 ஆகும். சண்டை மூள்வது இத்தகைய ஆண்டுகளில்தான்.

இப்படி முழுவதும் பங்கிடப்பட்ட ஆற்றில் 'சிக்கனம்' என்ற சொல்லையும் கவனமாகக் கையாளவேண்டும். கால்வாயில் கசியும் நீர் கீழே இன்னொருவர் கிணற்றில் ஊறுகிறது. கரைக்குச் சிமெண்டு பூசிவிட்டால் அத்தனையும் மிச்சம் என்று எண்ணுவது தவறு. பயிர் குடிப்பதும் வெயிலில் ஆவியாவதும் குறைந்தால்தான் உண்மையான மிச்சம். குறுகிய கால நெல்லும் நீர் குறைவாகக் கேட்கும் பயிரும் உதவுவது அதனால்தான்.

நகரத்தின் கதை வேறு. பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளது என்று நடுவர் மன்றம் கொண்டது. 2018 தீர்ப்பு நகரம் முழுவதையும் கருதி 4.75 டி.எம்.சி. கூட்டித் தந்தது. வீட்டுக்கு வரும் நீரில் 20 விழுக்காடுதான் செலவாகிறது, மீதி கழிவுநீராய்த் திரும்புகிறது என்பதும் நடுவர் மன்றக் கணக்கே. நம் சாக்கடையில் ஒரு பங்கு விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரியைச் சேர்கிறது. இன்னொரு பங்கு தென்பெண்ணையில் கலந்து ஓசூர் பக்கம் நுரையாய்ப் போகிறது.

மகளிடம் சொன்னேன்: "குடிப்பது குற்றமில்லை, அம்மா. அழுக்காக்கித் திருப்பி அனுப்புவதுதான் குற்றம்."

நம் குடியிருப்புச் சங்கங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடுகிறதா? அடுத்த கூட்டத்தில் கேளுங்கள், அன்பர்களே. நானும் கேட்கப்போகிறேன்.