கோடிக்கணக்கான எண்களைத் தடுமாறாமல் படிப்பது எப்படி?

காசோலையில் ஒரே தொகையை இரண்டு முறை எழுத வேண்டும்: கட்டத்துக்குள் எண்ணால், கோட்டின் மேல் எழுத்தால். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும்? 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்கிறது. நடைமுறையிலோ அந்தக் காசோலை பெரும்பாலும் பணமாகாமல் திரும்பி வந்துவிடும். "இரண்டு லட்சத்து ஐந்தாயிரத்து நாற்பது" என்று காதால் கேட்டவர் 25,040 என்று எழுதிவிடுவதும், 2,5,040 என்று எழுதிவிட்டு விழிப்பதும் அரிதல்ல. சரியான எண் 2,05,040.

இந்த எண்ணில் இருக்கும் 5இன் முகமதிப்பு 5தான், இடமதிப்பு 5,000. அது நிற்கும் இடம்தான் அதை ஐந்தாயிரம் ஆக்குகிறது. ஓர் இடம் இடப்பக்கம் நகர்ந்தால் மதிப்பு பத்து மடங்காகும், வலப்பக்கம் நகர்ந்தால் பத்தில் ஒரு பங்காகும். பெரிய எண்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய கணிதம் இவ்வளவே. மற்றதெல்லாம் பழக்கம்.

முதலில் படிப்பது. எண்ணை இடமிருந்து படிக்கிறோம். ஆனால் காற்புள்ளியை வலமிருந்துதான் போட வேண்டும். கடைசி மூன்று இலக்கங்களைத் தனியே பிரித்த பிறகு இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டே போகலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 72147030. பிரித்தால் 7,21,47,030. இப்போது எட்டு இலக்கங்களை மறந்துவிடலாம். 7, 21, 47, 30 என்ற நான்கு சின்ன எண்கள்தான் கண்ணில் பட வேண்டும். இடமிருந்து அவற்றின் பெயர்களைச் சேர்த்தால் ஏழு கோடியே இருபத்தொரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முப்பது. நூறின் இடத்தில் பூஜ்யம் இருப்பதால் அங்கே வாய் திறக்க வேண்டியதில்லை.

எழுத்தால் எழுதும்போது தமிழே ஒரு கைகொடுக்கிறது. எண் முடிந்துவிட்டதா, இன்னும் வருமா என்பதைச் சொல்லின் ஈறு சொல்லிவிடும். "ஆயிரம்" என்றால் அங்கேயே முடிந்தது. "ஆயிரத்து" என்றால் பின்னால் இன்னும் இருக்கிறது. நூறு நூற்று ஆகும், லட்சம் லட்சத்து ஆகும், கோடி கோடியே ஆகும். எழுதி முடித்த தொகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, கடைசிச் சொல் "த்து" என்று தொங்குகிறதா என்று பார்த்தாலே விடுபட்டது தெரிந்துவிடும். குழந்தைகளுக்குச் சொல்லித்தருபவர்கள் ஒன்பதில் மட்டும் கூடுதலாக நேரம் செலவிடலாம். தொள்ளாயிரம் என்பதில் "ஆயிரம்" ஒலிக்கிறது, ஆனால் அது 900. தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது, ஆனால் அது 90. ஒன்பதாயிரம்தான் 9,000.

கேட்டு எழுதுவது இதைவிடக் கடினம். காரணம் எளிது: பேச்சில் பூஜ்யம் ஒலிப்பதில்லை, எழுத்தில் அது இருந்தே ஆக வேண்டும். ஆகவே எண்ணை எழுதுவதற்கு முன் இடங்களைக் கோடு போட்டு வைத்துவிடுவது நல்லது. கோடி என்று காதில் விழுந்ததா? அதற்கு வலப்பக்கம் ஏழு இடங்கள் கட்டாயம்: லட்சத்துக்கு இரண்டு, ஆயிரத்துக்கு இரண்டு, கடைசியில் மூன்று. லட்சத்தில் தொடங்கினால் ஐந்து இடங்கள், ஆயிரத்தில் தொடங்கினால் மூன்று. "மூன்று கோடியே ஐந்தாயிரத்து ஏழு" என்பதை எழுதிப் பார்க்கலாம். 3 போட்டாயிற்று. லட்சம் சொல்லப்படவே இல்லை, ஆகவே 00. ஆயிரத்தின் இரண்டு இடங்களில் ஐந்து மட்டும் இருக்கிறது, ஆகவே 05. கடைசி மூன்றில் 007. விடை 3,00,05,007. எந்தக் கோட்டின் மேலும் காலியிடம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் பேனாவைக் கீழே வைக்க வேண்டும்.

பூஜ்யம் இல்லாமலும் பெரிய எண்களை எழுத முடியும். தமிழர்கள் எழுதியும் இருக்கிறார்கள். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் உண்டு. 2,534 என்பது ௨௲௫௱௩௰௪. சொல்வது போலவே எழுதும் முறை இது. 7,005ஐ ௭௲௫ என்று மூன்றே குறிகளில் முடித்துவிடலாம். நூறும் பத்தும் இல்லையென்றால் அவற்றின் குறிகளும் இல்லை. இடமதிப்பு முறை இந்தக் குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு, அவற்றின் வேலையை இடத்திடம் ஒப்படைத்தது. இடம் கலையாமல் காக்கப் பூஜ்யம் தேவைப்பட்டது. குவாலியர் சதுர்புஜ ஆலயத்தில் 876ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கோயில் தோட்டத்தின் அளவை 270 முழம் என்று குறிக்கும்போது அந்தப் பூஜ்யத்தைக் காணலாம். பத்து குறிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம் என்ற வசதி, கணக்கு வரலாற்றின் பெரும் சாதனைகளில் ஒன்று.

கோடிக்கு மேலே போனால்? அன்றாடத் தமிழில் கோடிக்கு மேல் புதுப்பெயர் தேடுவதில்லை. வலமிருந்து ஏழு இலக்கங்களை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை ஒரு தனி எண்ணாகப் படித்துக் "கோடி" சேர்த்தால் போதும். 2011இல் இந்தியாவின் மக்கள்தொகை 1,21,08,54,977. ஏழு இலக்கங்களை ஒதுக்கினால் மிஞ்சுவது 121. ஆகவே நூற்று இருபத்தொரு கோடியே எட்டு லட்சத்து ஐம்பத்து நான்காயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவை ஒட்டி வானியலாளர்கள் 2012இல் நிர்ணயித்த அலகு இன்னும் பெரியது: 1,49,59,78,70,700 மீட்டர். கோடிக்கு இடப்பக்கம் மிஞ்சுவது 14,959. பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது கோடியே எழுபத்தெட்டு லட்சத்து எழுபதாயிரத்து எழுநூறு. கோடியின் இருபுறமும் ஆயிரம் வருவதைக் கண்டு மிரள வேண்டாம்.

கடைசியாக, மில்லியனும் பில்லியனும். பன்னாட்டு முறையில் காற்புள்ளி எப்போதும் மூன்று இலக்கங்களுக்கு ஒருமுறை விழும். தமிழ்நாட்டின் அதே மக்கள்தொகை 72,147,030 ஆகிவிடும். எண் மாறவில்லை, புள்ளி விழும் இடம்தான் மாறியது. ஆகவே இத்தகைய எண்ணைப் பார்த்ததும் எல்லாக் காற்புள்ளிகளையும் அழித்துவிட்டு வலமிருந்து மீண்டும் போடுவதே பாதுகாப்பான வழி. எண் இல்லாமல் சொல்லாக வந்தால் மூன்று சமன்பாடுகள் போதும்: ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு டிரில்லியன் லட்சம் கோடி. 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை எட்டு பில்லியனைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது, அதாவது 800 கோடி. பழைய புத்தகங்களில் மட்டும் ஒரு கவனம் தேவை. பிரிட்டனில் பில்லியன் என்பது முன்பு மில்லியன் மில்லியனைக் குறித்தது. அந்நாட்டு அரசு 1974இல்தான் தன் புள்ளிவிவரங்களில் இன்றைய பொருளுக்கு மாறியது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூலில் பில்லியன் வந்தால், அது நூறு கோடியா லட்சம் கோடியா என்பதை முன்பின் வரிகளை வைத்து உறுதிசெய்த பிறகே பூஜ்யங்களைப் போட வேண்டும்.