ஒருவருக்கு ஒரு டாலர்

கனடா நாட்டைச் சேர்ந்த டெரி ஃபாக்ஸ் 1958-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் ஓட்டத்திலும் கூடைப்பந்திலும் பேரார்வம் கொண்டவர். 1977-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், அவருடைய வலக்காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. உயிரைக் காக்கும் பொருட்டு மருத்துவர்கள் அக்காலை முழங்காலுக்கு மேல் அகற்றினர்.

பின்னர் அவர் பல மாதங்கள் மருந்துச் சிகிச்சை பெற்றார். மருத்துவமனையில் சிறு குழந்தைகளும் நோயால் துன்புறுவதைக் கண்டு உள்ளம் உருகினார். புதிய மருந்துகளால் தம்மைப் போன்றோர் பிழைக்கும் வாய்ப்பு பெருகியிருப்பதையும் அறிந்தார். அம்மருந்துகள் ஆராய்ச்சியின் பயன். ஆராய்ச்சிக்கோ பொருள் வேண்டும். கனடாவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஓடி, அப்பொருளைத் திரட்ட அவர் உறுதி பூண்டார்.

1980 ஏப்ரல் 12 அன்று, செயிண்ட் ஜான்ஸ் நகரில் தம் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல்நீரில் நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். நாள்தோறும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடினார். தொடக்கத்தில் அவரைக் கவனித்தோர் சிலரே. நாள் செல்லச் செல்ல, வழியெங்கும் மக்கள் திரண்டு வரவேற்றனர். நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் வழங்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியது. செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகில் ஓட்டம் நின்றது. ஆனால், நன்கொடை நிற்கவில்லை. 1981 பிப்ரவரியில் அது 2 கோடியே 41 லட்சம் டாலரைக் கடந்தது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே! அவர் விருப்பம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 28 அன்று டெரி மறைந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரால் முதல் ஓட்டம் நடைபெற்றது. அதில் 3 லட்சம் பேர் பங்கேற்றனர். 1988-இல் டெரி ஃபாக்ஸ் அறக்கட்டளை தனி அமைப்பாயிற்று. இன்று பல நாடுகளில் மக்கள் ஆண்டுதோறும் அவர் பெயரால் ஓடுகின்றனர். அவ்வோட்டத்தில் பரிசு இல்லை. முதல்வர், கடையர் என்னும் வேறுபாடும் இல்லை. திரளும் பொருள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கே செல்கிறது.

சொற்பொருள்
உறுதி பூண்டார் – மனத்தில் உறுதி கொண்டார்
திரட்ட – ஒன்றுசேர்க்க
நன்கொடை – மனமுவந்து அளிக்கும் பொருள்
அறக்கட்டளை – பொதுநலப் பணிக்காக நிறுவப்பட்ட அமைப்பு

பயிற்சி
1. டெரி ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட விரும்பியது ஏன்?
2. அவருடைய ஓட்டம் எங்கே தொடங்கி, எங்கே நின்றது?
3. ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்னும் பழமொழி இப்பாடத்திற்கு எவ்வாறு பொருந்தும்? ஐந்து தொடர்களில் எழுதுக.