நின்ற இடத்தைச் சொல்லும் ஒற்றை வரி

எங்கள் சி புரோகிராம் "அசர்ஷன் ஃபெயில்டு" என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. டெஸ்டரோ "கிராஷ் ஆகிறது" என்று மட்டும் எழுதுகிறார். அவரிடம் என்ன கேட்டு வாங்குவது? — வாசகி, கோவை

முதலில் அந்த வரியையே கேளுங்கள், ஓர் எழுத்தும் மாறாமல். பொய்யாகிப்போன நிபந்தனை, ஃபைல் பெயர், வரி எண் எல்லாம் அதில் இருக்கின்றன. சி99 முதல் ஃபங்ஷன் பெயரும் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டைவிட எழுத்தாக ஒட்டி அனுப்புவது நல்லது, தேட முடியும். கூடவே எந்த பில்டு என்பதும் வேண்டும். இரண்டு வரி கூடுதலாக இருந்த பழைய கோடில், உதாரணமாக, 212ஆம் வரி வேறெங்கோ இருக்கும்.

நிபந்தனை பொய் என்று அந்த வரி சொல்லுமே தவிர, மாறியில் இருந்த மதிப்பைச் சொல்லாது. பெரும்பாலும் நமக்குத் தேவை அதுதான். அசர்ட் தோற்றால் அபார்ட் ஃபங்ஷன் அழைக்கப்படும்; லினக்ஸில் யூலிமிட் வரம்பு தடுக்காவிட்டால், நின்ற நொடியின் நினைவகப் பதிவான கோர் டம்ப் கிடைக்கும். அதை ஜிடிபி டீபக்கரில் திறந்து பேக்ட்ரேஸ் எடுத்தால், யார் யாரை அழைத்து அங்கே வந்தார்கள் என்று தெரியும். மதிப்புகளையும் பார்க்கலாம்.

தொந்தரவு என்று என்டீபக் மேக்ரோவைப் போட்டு அசர்ட்டை அணைத்துவிடாதீர்கள். பிழை அப்படியே இருக்கும், தடயம்தான் போய்விடும். டெஸ்டரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். கடைசியாக எந்தப் பட்டனை அழுத்தினார், எந்த ஃபைலைத் திறந்தார் என்று அன்பாகக் கேளுங்கள்.