இஞ்சி ஊட்டிய எழுச்சி

ஒவ்வொரு மொழிக்கும் அதற்கே உரிய மரபுத்தொடர்கள் உண்டு. அவற்றின் பொருளைச் சொற்களைத் தனித்தனியே பிரித்து நோக்கி அறிதல் இயலாது. அம்மொழி பேசும் மக்களின் வாழ்க்கையை நோக்கியே அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜிஞ்சர் அப்’ என்னும் தொடர் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஜிஞ்சர் என்பது இஞ்சி. ‘இஞ்சி வேர்’ என்னும் திராவிடச் சொல்லே பாலி மொழியில் ‘சிங்கிவேர’ எனவும், கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ எனவும் திரிந்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது என்பர் மொழிநூலார். சரக்கோடு சொல்லும் கடல் கடந்தது. ஆயினும், சென்ற இடத்தில் அது புதியதொரு வழக்கைப் பெற்றது.

முற்காலத்து ஆங்கிலக் குதிரை வணிகருள் சிலர், சந்தைக்குக் கொணர்ந்த சோர்ந்த குதிரையின் பின்புறத்தில் இஞ்சியைச் செருகுவர். எரிச்சல் பொறாத குதிரை வாலை உயர்த்தித் துள்ளும். வாங்குவோர் அதனை இளமைத் துடிப்பென்று எண்ணி ஏமாறுவர். அவ்வாயில்லாப் பிராணியின் துன்பத்தை எவரும் எண்ணிலர். 1785ஆம் ஆண்டில் பிரான்சிஸ் குரோஸ் என்பார் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதி இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகின்றது. சோர்ந்து கிடப்பதைச் சுறுசுறுப்பாக்குதல் என்னும் பொருள் இதிலிருந்தே பிறந்ததென்று கருதுவர்.

சுவையற்ற சொற்பொழிவை விறுவிறுப்பாக்கினும், மந்தமாக ஆடும் பந்தாட்டக் குழுவை ஊக்கினும் ஆங்கிலேயர் இத்தொடரை ஆள்வர். 1924ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் பாராளுமன்றத்தில் முற்போக்குக் கட்சியினின்றும் பிரிந்து நின்ற உறுப்பினர் சிலர் ‘ஜிஞ்சர் குழு’ என்றே பெயர் பெற்றனர்.

இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘தலைவர் தொண்டர்களுக்கு இஞ்சி ஏற்றினார்’ என எழுதின் நகைப்பே விளையும். நம் வழக்கில் ‘இஞ்சி தின்ற குரங்கு’ என்பது முகஞ்சுளித்து விழிப்பவரையன்றோ குறிக்கும்? ‘ஊக்கமூட்டினார்’ என்றோ, ‘கூட்டம் களைகட்டியது’ என்றோ இடத்திற்கேற்ப எழுதுதலே முறை.

மாணவர்களே! அக்குதிரையின் துள்ளல் இஞ்சியின் எரிவு தணியும்வரையே நின்றது. பிறமொழித் தொடரைப் பொருளறியாது செருகிய நடையும் அத்தகையதே. கணநேரம் துள்ளுவதுபோலத் தோன்றிப் பின்னர்ச் சோர்ந்துவிடும். பிறமொழி மரபைக் கற்று அதன் கருத்தை உணருங்கள். உணர்ந்ததை நம் மொழி மரபில் எழுதுங்கள். அந்நடைக்கு உயிர் உள்ளிருந்தே வரும்.