மயில்துத்தம்: பயனும் அபாயமும்

நம் கிராமங்களில் மயில்துத்தத்தை அறியாத உழவர் இலர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போரும், தென்னந்தோப்பு உடையோரும், மலைச்சரிவில் காப்பி பயிரிடுவோரும், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போட்டிருப்போரும் இதை உபயோகித்து வருகின்றனர். சித்த மருத்துவத்தில் துருசு எனப்படுவதும் இதுவே. மயிலின் கழுத்தை ஒத்த நீல நிறமும், கற்கண்டு போன்ற வடிவும் உடைய இந்த உப்பு, தாமிரமும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாவது. இரசாயன நூலார் தாமிர சல்பேட் என்பர். இதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தாமிரம். படிகத்தைச் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் நீங்கி வெண்மையான பொடியாகும். அப்பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டால் மறுபடியும் நீலம் வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வியந்து பார்க்கும் சோதனை இது.

பழகிய பொருள் என்பதனாலேயே இதைப் பற்றிய அச்சம் நம்மவரிடம் இல்லாது போயிற்று. பூச்சி மருந்துப் புட்டியில் மண்டையோட்டுப் படம் கண்டு அஞ்சும் குடும்பத்தில், துத்தப் பொட்டலம் அடுப்படி மாடத்தில் உப்புச் சாடிக்கு அருகே கிடப்பதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறோம்.

பயிர் மருந்தாக இது வழங்கத் தொடங்கிய வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டில் போர்டோ நகரைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களில், சாலையோரக் கொடிகளிலிருந்து வழிப்போக்கர் பழம் பறிப்பது வழக்கமாயிருந்தது. தோட்டக்காரர்கள் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துச் சாலையோர வரிசைகளில் மட்டும் தெளித்தனர். இலைகளில் படிந்த நீலக் கறையைக் கண்டோர் நஞ்சென்று அஞ்சிக் கைவைக்கவில்லை. 1882 ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற பேராசிரியர் மில்லார்டே, அடிச்சாம்பல் நோயால் தோட்டம் முழுவதும் இலையுதிர்ந்து நிற்க, கறை படிந்த வரிசைகள் மட்டும் பசுமையாக நிற்கக் கண்டார். ஆராய்ந்து 1885 இல் வெளியிட்டார். போர்டோக் கலவை இவ்வாறு பிறந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869 முதல் அழித்த இலைத்துரு நோய்க்கு இம்மருந்து காலத்தால் பிந்திவிட்டது. அங்கே காப்பி போய்த் தேயிலை வந்தது. மைசூர்ப் பகுதியில் பாக்கு மரங்களின் மகாளி நோயை ஆராய்ந்து, இக்கலவையைத் தெளிக்கும் முறையைப் பரப்பியவர் லெஸ்லி கோல்மன்.

கலவை செய்யும் முறையில்தான் பாதுகாப்பின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையுள்ள கலவைக்கு, ஒரு கிலோ துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். சுண்ணாம்பு நீறும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகவே சிறிது சிறிதாக நீர் விட்டு, முகத்தை விலக்கி நிற்றல் வேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி ஆகியவையே ஏற்றவை. இரும்பு வாளியும் துத்தநாகப் பூச்சுத் தகர வாளியும் உதவா. தாமிரம் இரும்பின்மேல் செந்நிறமாகப் படியும். இரும்பு கரைந்து கலவைக்குள் போய்விடும். மருந்தும் கெடும், வாளியும் ஓட்டையாகும்.

கலவை சரியாயிற்றா என்று அறிய, துலக்கிய கத்தி ஒன்றை அதில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் போதும். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் கரைந்த தாமிரம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அது இலையைக் கருக்கும். மேலும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். அந்தக் கத்தி மறுநாள் காய்கறி நறுக்க வரலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதனாலேயே சொல்கிறோம். செய்த கலவையை அன்றே தெளித்து முடிக்க வேண்டும்.

இனி அபாயத்தைப் பார்ப்போம். துத்தத் தூள் கண்ணில் விழுந்தால் கடும் எரிச்சலும் கருவிழியில் புண்ணும் உண்டாகும். வெறுங்கையால் அள்ளுவோருக்குத் தோலில் அரிப்பும், வெடிப்புள்ள இடங்களில் எரிவும் தோன்றும். பொடி பறக்கும்போது மூக்கும் தொண்டையும் கரகரக்கும். இவை உடனே தெரிபவை. மெல்ல வருவதும் உண்டு. போர்ச்சுகல் நாட்டில் பல்லாண்டு காலம் திராட்சைக் கொடிகளுக்குப் போர்டோக் கலவை தெளித்த தொழிலாளர் சிலரின் நுரையீரலில் தாமிரம் படிந்து நோயுற்றிருந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 1969 இல் எழுதினர். திராட்சை தெளிப்போர் நுரையீரல் நோய் என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. நம் நாட்டில் பந்தலின் அடியில் நின்று மேல்நோக்கித் தெளிக்கும் கூலியாள், இடுப்புத் துண்டோடு, முகத்தில் மறைப்பு ஏதுமின்றி நிற்கிறார். தோட்ட உரிமையாளர் மருந்துக்கும் தெளிப்பானுக்கும் செலவிடும்போது, கையுறைக்கும் கண்ணாடிக்கும் முகக்கவசத்திற்கும் கணக்குப் பார்ப்பது நியாயமன்று.

வயிற்றுக்குள் போனால் நிலைமை வேறு. வாயில் உலோகச் சுவை, வயிற்றெரிச்சல், நீலமும் பச்சையும் கலந்த வாந்தி ஆகியன முதலில் வரும். வாந்தி நின்றதும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவோர் உளர். அதுவே பெரும் பிழை. தாமிரம் இரத்தத்தில் ஏறிச் சிவப்பணுக்களை உடைக்கிறது. ஓரிரு நாளில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஈரலும் சிறுநீரகமும் செயலிழக்கக்கூடும். பழைய மருத்துவ நூல்களில் துத்தமே வாந்தி மருந்தாகக் குறிக்கப்பட்டிருந்தது, அம்முறை கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே விழுங்கியவருக்கு உப்பு நீர் கொடுத்தோ, விரல் விட்டோ வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108 வண்டியை அழைத்து, மருந்துப் பையையும் உடன் கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடமேனும் ஓடும் நீரில் கழுவிய பிறகே வண்டி ஏற வேண்டும். புண்ணுக்கும் பல்வலிக்கும் துத்தத்தைப் பொரித்து வைக்கும் கைமருத்துவம் சில ஊர்களில் இன்னும் உண்டு. சித்த மருத்துவர் சுத்தி செய்து, அளவறிந்து கொடுப்பதும், நாம் கடையில் வாங்கிய பயிர் மருந்தை வாயில் வைப்பதும் ஒன்றல்ல.

நமக்கு இவ்விஷயத்தில் பாடம் கற்பித்தவர் செம்மறி மேய்க்கும் முதியவர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் அவருடைய ஆடுகளுக்குக் குளம்பு அழுகல் கண்டது. நூற்றுக்கு ஐந்து பங்கு துத்தக் கரைசலில் கால்களை நனைக்கலாம் என்று நம் ஒன்றியத்தில் வழங்கிய துண்டறிக்கை கூறியது. பெரியவர் அவ்வாறே பாதி வெட்டிய பீப்பாயில் கரைத்து, ஒவ்வோர் ஆடாகப் பிடித்து நனைத்தார். வேலை முடிய இருட்டிவிட்டது. பீப்பாய் பட்டிக்குள்ளேயே நின்றது. இரவில் ஆடுகள் அதைக் குடித்தன. நீலமும் பச்சையுமாகக் கழிந்து, மூன்று நாளில் ஒன்பது செம்மறிகள் இறந்தன. பட்டியிலிருந்த இரண்டு வெள்ளாடுகள் பிழைத்தன. எல்லாக் கால்நடைகளிலும் செம்மறியே தாமிரத்தை மிகக் குறைவாகத் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். மாட்டுக்கென்று தாமிரம் சேர்த்துச் செய்த தாது உப்புக் கலவையையும் செம்மறிக்கு வைக்கலாகாது. அது நாள்தோறும் ஈரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று இரத்தத்தில் இறங்கிக் கொல்லும்.

நாம் பார்க்கச் சென்றபோது பெரியவர் யாரையும் நோகவில்லை. மடித்து வைத்திருந்த துண்டறிக்கையை எடுத்துக் கொடுத்து, "இதுல எழுதினபடிதான் செஞ்சேன் ஐயா, படிச்சுப் பாருங்க" என்றார். படித்தோம். கரைக்கும் அளவு இருந்தது, நனைக்கும் நேரம் இருந்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதும் இருந்தது. மீந்த கரைசலை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அதை வீடுவீடாக வழங்கச் சொன்னவர்கள் நாமே. மறுபதிப்பில் அந்த வரி முதலிடத்தில் அச்சாயிற்று. குளம்பு நனைக்க நூற்றுக்குப் பத்துப் பங்கு துத்தநாக சல்பேட் கரைசல் இதனினும் அபாயம் குறைந்தது என்பதால் அதுவும் சேர்க்கப்பட்டது. அதையும் ஆடுகள் குடிக்க விடலாகாது. இங்கே ஓர் எச்சரிக்கை: நெல் வயலுக்கு இடும் வெண்ணிறத் துத்தநாக உப்பு வேறு, நீல மயில்துத்தம் வேறு. பெயர் நெருங்கியிருப்பதால் கடையில் மாற்றி வாங்கி வருவோர் உண்டு.

மீந்த கரைசலில் கத்திச் சோதனையில் செம்பு ஏறாதவரை சுண்ணாம்பு நீர் சேர்த்தால், தாமிரம் நீல வண்டலாகத் திரண்டு அடியில் தங்கும். பிறகு கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் தொலைவான மேட்டு நிலத்தில் குழி வெட்டி ஊற்றி மூடலாம். வாய்க்காலிலும் ஊருணியிலும் பீப்பாய் கழுவுவது கூடவே கூடாது. கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாமிரமே கடைசி எல்லை. ஒரு கிலோ துத்தம் ஏறத்தாழ 1,70,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீர் ஆழமும் உள்ள வட்டக் கிணற்றில் இருப்பதோ சுமார் 21,000 லிட்டர். அதில் ஒரு கிலோ கரைந்தால் எல்லைக்கு எட்டு மடங்கு.

குளத்துப் பாசியைப் போக்கத் துத்தம் போடலாமா என்று ஊராட்சித் தலைவர்கள் சிலர் கேட்கின்றனர். நீர்த்தேக்கங்களில் இம்முறையை அமெரிக்க விஞ்ஞானிகள் 1904 இல் விளக்கியது உண்மை. ஆனால் அது நீரின் அளவையும் கடினத்தன்மையையும் சோதித்து, மிகச் சிறிய அளவில் செய்யப்படுவது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் பாசியோடு மீனும் சாகும். மென்னீரில் நஞ்சு இன்னும் கடுமை. செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்வதால், நஞ்சுக்குத் தப்பிய மீனும் மூச்சுத் திணறி மிதக்கும். தாமிரம் மட்கி அழியாது, வண்டலில் தங்கிவிடும். அந்த வண்டலைத்தான் கோடையில் வயலுக்கு அள்ளுகிறோம். ஆகவே ஊராட்சி தானாக இதில் இறங்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

வாங்கிய துத்தத்தை அச்சிட்ட பையிலேயே, ஈரம் புகாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். சோடா புட்டியிலும் ஊறுகாய்ச் சாடியிலும் கரைசலை ஊற்றி வைக்கலாகாது. கற்கண்டென்று எண்ணும் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. காலிப் பையை அறுத்துப் புதைத்துவிட வேண்டும். அரிசி, தவிடு எதையும் அதில் கட்டலாகாது. துத்தம் அளக்கத் தனியே ஒரு பிளாஸ்டிக் குவளையை ஒதுக்கி, சிவப்புச் சாயம் பூசித் தெளிப்பானுடனேயே கட்டி வைக்கலாம்.